உடைந்த மரபணுவும் வம்பன் உளுந்தும்

உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் முதலில் துளிர் இலையில்தான் தெரியும். பச்சைப் பரப்பில் ஊசி முனையளவு மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அடுத்து விரியும் இலையில் அவை திட்டுகளாகும். அதற்கடுத்த இலை பாதிக்குமேல் மஞ்சளாகவே விரியும். வெள்ளை ஈ ஒரு செடியில் சாறு குடித்து அடுத்த செடிக்குப் போகும்போது வைரசையும் கொண்டுபோகிறது. நோய் இளம்பருவத்திலேயே வந்துவிட்டால் பூ குறையும், காய் சிறுக்கும், மணி சுருங்கும். ஈயைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. செடிக்குள் புகுந்துவிட்ட வைரசுக்கு மருந்து கிடையாது. பாதித்த செடியைப் பிடுங்கி அழிப்பதுதான் மிஞ்சும் வழி. வயல் முழுக்க மஞ்சளாகிவிட்டபின் எதைப் பிடுங்குவது?

இந்த நோயை வேண்டி வரவழைக்கிற ஓர் இடம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆலங்குடி வட்டத்திலுள்ள வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் அது. மஞ்சள் தேமல் தானாகவே தீவிரமாகத் தாக்கும் ஊர் என்பதால், பிற இடங்களில் உருவான உளுந்தையும் பாசிப்பயற்றையும்கூட இங்கே கொண்டுவந்து சோதிக்கிறார்கள். சோதிக்கப்படும் இரகங்களுக்கு நடுவே சில வரிசைகளுக்கு ஒன்றாகக் கோ 5 உளுந்தை விதைப்பார்கள். நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் இரகம் அது. கோ 5 மஞ்சளாகும், ஈக்கள் அங்கிருந்து இருபுறமும் பரவும், அதன்பிறகும் பச்சையாக நிற்கும் செடி எது என்று பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். பூச்சி மருந்து தெளிப்பதில்லை. நோயைத் தடுத்துவிட்டால் சோதனையே பாழாகிவிடும்.

அப்படிப் பச்சையாக நிற்கும் செடிக்கு அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது? உழவர்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த உள்ளூர் வகைகளில் இருக்கலாம். காட்டில் வளரும் உறவுச் செடியில் இருக்கலாம். இரண்டிலும் கிடைக்காதபோது, அல்லது அங்கிருந்து எடுப்பது பெரும்பாடாக இருக்கும்போது, செடியின் மரபணுவிலேயே புதிதாக ஒரு மாற்றத்தை உண்டாக்கிப் பார்க்கலாம். இந்த மூன்றாவது வழிக்குத் தூண்டப்பட்ட சடுதிமாற்றம் என்று பெயர். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாகக் காட்டித் தந்தது உளுந்து அல்ல, பார்லி. நம் ஊர் மளிகைக் கடையில் கஞ்சிக்கென்று வாங்குகிறோமே, அந்தத் தானியம்தான். புதுக்கோட்டையில் விளையாத அந்தப் பயிரின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வம்பன் உளுந்தின் கதையும் பிடிபடும்.

எக்ஸ் கதிர் பழ ஈக்களில் மரபணு மாற்றங்களை உண்டாக்குகிறது என்று ஹெர்மன் முல்லர் 1927இல் அறிவித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மிசௌரியில் லூயிஸ் ஸ்டாட்லர் பார்லி விதைகளில் அதையே காட்டினார். கதிர்பட்ட செடியின் பிள்ளை நாற்றுகளில் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பச்சையம் இல்லாதவை முளைத்தன. பார்லியை அவர் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். குரோமோசோம்கள் 14, அதாவது ஏழு இணைகள். ஒவ்வொரு மரபணுவும் இரண்டே படிகளில் இருப்பதால் ஒன்று பழுதானால் ஓரிரு தலைமுறையில் வெளியே தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பழுதுகளால் பயிர் மேம்பாட்டுக்குப் பெரிய பயன் விளையும் என்று ஸ்டாட்லர் நம்பவில்லை. ஏறக்குறைய எல்லா மாற்றங்களும் கெடுதலாகவே இருந்ததை அவர் கண்ணால் கண்டவர். அந்த ஐயத்தில் பாதி நியாயம் இன்றைக்கும் நிற்கிறது.

மறுபாதியைச் சுவீடன்காரர்கள் நிரூபித்தார்கள். நீல்சன்-ஏலேயும் ஓகே குஸ்தாஃப்சனும் ஸ்வாலோவ் என்னும் ஊரில் பல்லாண்டுகள் பார்லி விதைகளில் கதிர் பாய்ச்சி, நெருங்கிய கதிரும் விறைத்த தண்டும் கொண்ட செடிகளைத் தேடியெடுத்தார்கள். உரம் போட்டாலும் சாயாத ‘பல்லாஸ்’ என்ற இரகம் அந்த வழியில் வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் ‘வால்டிட்ஸ்கி’ என்ற பார்லிக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கிடைத்த ‘டயமன்ட்’ 1965இல் வெளிவந்தது. தாயைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டை. பிரிட்டனில் காமா கதிரால் உருவான ‘கோல்டன் பிராமிஸ்’ ஸ்காட்லாந்து விஸ்கிக்குரிய முளைதானியமாகப் பல ஆண்டுகள் கோலோச்சியது. டயமன்ட் வயலில் நின்ற காலம் பெரிதல்ல. அதைப் பெற்றோராக வைத்துப் பல நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பார்லி இரகங்கள் உருவாயின. அந்த வழித்தோன்றல்களை விதைத்த உழவர்களில் எத்தனை பேருக்கு அந்த எக்ஸ் கதிரைப் பற்றித் தெரிந்திருக்கும்? மாற்றம் பெற்ற செடியின் பெயர் மறைந்துவிடும், மாற்றம் மட்டும் விதைக்குள் தொடர்ந்து போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வம்பனுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

பார்லியின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது குட்டைத் தண்டு அல்ல, ‘எம்.எல்.ஓ’ எனப்படும் மரபணு. 1942இல் ஜெர்மனியில் ஃப்ரைஸ்லேபன், லைன் என்னும் இருவர் ‘ஹைசா’ என்ற பார்லியில் எக்ஸ் கதிர் பாய்ச்சியபோது, சாம்பல் நோய் அண்டாத ஒரு செடி கிடைத்தது. வழக்கமான நோய் எதிர்ப்பு மரபணு ஒரு காவலாளியைப் போன்றது. குறிப்பிட்ட எதிரியை அடையாளம் கண்டு தடுக்கும். எதிரி வேடம் மாற்றிக்கொண்டால் ஏமாந்துபோகும். அதனால்தான் எதிர்ப்புத் திறன் கொண்ட இரகங்கள் பல, வெளிவந்த சில ஆண்டுகளிலேயே நோய்க்குப் பணிந்துவிடுகின்றன. எம்.எல்.ஓ பார்லியில் நடந்தது வேறு. பூஞ்சை செடிக்குள் நுழைவதற்குப் பயன்படுத்திக்கொண்ட ஒரு கதவு அந்த மரபணு. கதிர்பட்டு மரபணு பழுதானது, கதவு இல்லாமல் போயிற்று. இல்லாத கதவை எந்த வேடம் போட்டுத் திறப்பது? பல பத்தாண்டுகள் கடந்தும் வயல்களில் அந்தத் தடுப்பு நிலைத்திருக்கிறது. பின்னாளில் எத்தியோப்பிய உழவர்களின் பழைய பார்லி வகைகளிலும் இதே மரபணு இயற்கையாகவே பழுதுபட்டிருப்பது தெரியவந்தது. பட்டாணியில் சாம்பல் நோயைத் தாங்கும் குணமும் இதே குடும்ப மரபணு ஒன்றின் இழப்பால் வருவதுதான்.

இதிலிருந்து கிடைக்கும் புரிதலை இந்தத் துறைக்கே திறவுகோலாகக் கருதுகிறேன். கதிர்வீச்சு மரபணுக்களைப் பெரும்பாலும் உடைக்கிறது, புதிதாகக் கட்டுவது மிக அரிது. ஆகவே ஒரு பயிரில் நாம் வேண்டும் குணம் எதையாவது இழப்பதால் வருவதா, எதையாவது பெறுவதால் வருவதா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். இழப்பால் வருவதென்றால் கதிர் உதவும். பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை என்றால் ஆயிரம் விதைகளைச் சுட்டாலும் கிடைக்காது.

வேளாண்மையின் தொடக்கமே இப்படிப்பட்ட இழப்புகளில்தான் இருக்கிறது. காட்டுப் பார்லியின் கதிர் முற்றியதும் கணுக்கணுவாக முறிந்து உதிரும். அதை உதிரச் செய்யும் இரண்டு மரபணுக்களில் ஏதாவது ஒன்று செயலிழந்த செடிகளைத்தான் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசிய மக்கள் அறுத்துச் சேர்த்தார்கள். காட்டு உளுந்தின் நெற்று வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அந்த விதையின் தோல் கல் போன்றது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. இட்லிக்கு உளுந்து ஊறப்போடுகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்பது தெரியும். வெடிப்பையும் கல்தோலையும் இழந்த உளுந்துதான் நம் வீட்டுக்கு வந்தது.

இந்தியாவில் தூண்டப்பட்ட சடுதிமாற்ற ஆராய்ச்சியை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் 1925இல் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில், திறந்த வெளியில் பயிர்களுக்குக் கதிர் பாய்ச்சும் காமா தோட்டம் 1960ஐ ஒட்டி அமைந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த ‘சொனோரா 64’ கோதுமை நன்றாக விளைந்தது, ஆனால் மணி சிவப்பு. சப்பாத்திக்கு வெளிர்நிறக் கோதுமையையே விரும்பிய வட இந்தியச் சந்தையில் அது விலைபோகவில்லை. காமா கதிரால் அந்தச் சிவப்பை நீக்கிப் பெற்றதுதான் ‘சர்பதி சொனோரா’. அங்கேயும் நடந்தது ஓர் இழப்புதான். நிறமி போயிற்று, மற்றதெல்லாம் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த முறை பயறுகளுக்கே அதிகம் பொருந்தியது. உளுந்தின் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லாமலே விளங்கும். சுருண்ட சிறு மஞ்சள் பூ. மொட்டு விரியும் முன்பே உள்ளே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். இரண்டு இரகங்களை ஒட்டுச் சேர்க்க வேண்டுமானால், மறுநாள் விரிய இருக்கும் மொட்டை முந்தின நாள் மாலையே கிடுக்கியால் பிரித்து, பத்து மகரந்தத் தாள்களையும் சூலகம் நோகாமல் கிள்ளியெடுத்து, காலையில் வேறொரு பூவின் மகரந்தத்தைத் தடவவேண்டும். இவ்வளவு செய்தபின்னும் பெரும்பாலான பூக்கள் உதிர்ந்துபோகும். தன்னுள்ளேயே சேர்ந்து தலைமுறை தலைமுறையாகக் காய்த்து வந்ததால் இரகங்களுக்கிடையே வேறுபாடும் குறுகிவிட்டது. பார்லியைப் போலவே உளுந்தும் இருமடியப் பயிர், குரோமோசோம்கள் 22. பழுதான மரபணு தன் மகரந்தத்தாலேயே இரண்டு படிகளிலும் சேர்ந்து விரைவில் வெளிப்படும். ஸ்டாட்லர் பார்லியைத் தேர்ந்த அதே காரணம் இங்கேயும் நிற்கிறது.

செய்முறை வெளிப்பார்வைக்கு எளிது. நன்றாக உலர்ந்த விதையைத் துணிப்பையில் கட்டிக் கோபால்ட்-60 இருக்கும் காமா கலத்துக்குள் வைப்பார்கள். உளுந்துக்குச் சில நூறு கிரே அளவு. ஒரு கிரே என்பது ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்குவது. மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நான்கைந்து கிரே பட்டால் உயிருக்கே ஆபத்து. விதையோ அதைப்போல் நூறு மடங்கைத் தாங்கி முளைக்கிறது. 400 கிரே என்றால் கிலோவுக்கு 400 ஜூல். அது ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடச் சூடேற்றாது. இவ்வளவு சொற்ப ஆற்றல் டி.என்.ஏ இழையின் இரு புரிகளையும் வெட்டிவிடுகிறது. செல் அவசர அவசரமாக ஒட்டுப்போடும்போது சில எழுத்துகள் விடுபட்டுப்போகின்றன. கதிருக்குப் பதில் ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட் என்ற வேதிப்பொருளில் விதையை ஊறவைப்பதும் உண்டு. அது இழையை வெட்டுவதற்குப் பதிலாக ஓர் எழுத்தை மட்டும் மாற்றும்.

கதிர் பட்ட விதையிலிருந்து வரும் பருப்பில் கதிர்வீச்சு இருக்குமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. இருக்காது. கோபால்ட் உமிழும் காமா கதிருக்கு அணுக்கருவை மாற்றிக் கதிரியக்கம் உண்டாக்கும் வலு இல்லை. விதையில் எதுவும் ஒட்டிக்கொண்டும் வருவதில்லை. வெளியிலிருந்து எந்த மரபணுவும் புகுத்தப்படுவதில்லை என்பதால் இது பி.டி. பருத்தி போன்றதும் அல்ல.

கடினமான வேலை விதைத்த பிறகுதான் தொடங்குகிறது. விதைக்குள் இருக்கும் கருவில் ஏற்கெனவே பல செல்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் நேர்ந்த மாற்றம் ஒரு கிளையில் மட்டும் இருக்கும், அதுவும் மறைந்தே இருக்கும். ஆகவே முதல் தலைமுறையில் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. செடிவாரியாக விதை சேர்த்து இரண்டாம் தலைமுறையை வரிசை வரிசையாக விதைப்பார்கள். அப்போதுதான் மறைந்தவை வெளிவரும். முளைத்து ஒரு வாரத்துக்குள் வெள்ளை நாற்றுகளும் வெளிர்மஞ்சள் நாற்றுகளும் தலைகாட்டும். பச்சையம் இல்லாததால் வெள்ளை நாற்றுகள் சில நாளில் செத்துப்போகும். இறந்தாலும் அவற்றை எண்ணிவைப்பார்கள். கதிர் எந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்பதற்கு அவையே அளவுகோல். அதன்பின் ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே தினமும் நடக்கவேண்டும். முன்னதாகப் பூத்தது, கொடியோடாமல் நிமிர்ந்தது, காய்க்கொத்து இலைக்கு மேலே நிற்பது என்று எதையெல்லாம் கண் பிடிக்கிறதோ அதற்கெல்லாம் அடையாள அட்டை. மறுபருவம் அவற்றில் பெரும்பாலானவை பொய்த்துவிடும். தப்பிப் பிழைத்தவை விளைச்சல் சோதனை, பல ஊர்ச் சோதனை, உழவர் நிலத்தில் சோதனை என்று கடந்து வர எட்டுப் பத்து ஆண்டுகள் போகும். கதிர் பாய்ச்சியது சில நிமிடம், மற்ற எல்லாமே மனிதக் கண்ணும் பொறுமையும்.

தமிழ்நாட்டில் இப்படி வந்தவை பல. துவரையில் கோ 1 இரகத்தின் மாற்றமாகக் கோ 5 1984இல் வந்தது. பிறகு எஸ்.ஏ. 1இலிருந்து கோ 6 வந்தது. பாசிப்பயற்றில் கோ 4, கொள்ளில் பையூர் 2 ஆகியவையும் காமா கதிரின் பிள்ளைகள். உளுந்தில் கோ 1இலிருந்து சடுதிமாற்றத்தால் பெற்ற கோ 4 1978இல் வெளியானது. இந்தக் கோ 4தான் நம்மை வம்பனுக்குத் திரும்பக் கூட்டிவருகிறது. அதையும் பி.டி.யு. 102 என்ற உளுந்தையும் ஒட்டுச் சேர்த்து, மஞ்சள் தேமலைத் தாங்கும் வம்பன் 4 உருவாகி 2003இல் வெளிவந்தது. விதைப் பையில் வம்பன் என்றுதான் அச்சடித்திருக்கும். அதன் பெற்றோரில் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் மரபணு மாறிய செடி என்பது பையில் இருக்காது. பார்லியில் டயமன்டுக்கு நடந்தது இதுவே.

நிலக்கடலையிலும் இது நடந்திருக்கிறது. பொள்ளாச்சி 1 கடலையை வேதிப்பொருளால் மாற்றிப் பெற்றது கோ 2. அதை ஜே.எல். 24 உடன் சேர்த்து விருத்தாசலத்தில் உருவான வி.ஆர்.ஐ 2, 1989இல் வெளியானது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிரால் பெற்ற பெருமணி உளுந்து ஒன்றை டி 9 உடன் சேர்த்து உருவாக்கிய டி.ஏ.யூ 1, மகாராட்டிரத்தின் உளுந்துப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. அதே மையத்தின் டி.யூ 94-2 தென் மாநிலங்களுக்கென 1999இல் வந்தது. சடுதிமாற்றத்தால் உருவான இரகங்கள் என உலக அளவில் பதிவானவை 3,400க்கும் மேல். அந்தக் கணக்கைவிட, பெற்றோராக நின்று பெயர் தெரியாமல் பங்களித்தவற்றின் பயன் பெரிது என்பது என் துணிபு.

இனி, புதுக்கோட்டையின் உளுந்து உழவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். செம்புறாங்கல் மண், அமிலத் தன்மை, மழை விட்டால் மேற்பரப்பு ஓடுபோல இறுகிவிடும். கண்மாய் நிரம்பினால் நெல், நெல்லுக்குப் பின் தையில் உளுந்து, மற்ற இடங்களில் ஆடியிலோ புரட்டாசியிலோ மானாவாரி. அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. உளுந்து ஒருபக்கம் நெற்று கருத்திருக்க மறுபக்கம் பூத்துக்கொண்டிருக்கும் இயல்புடையது. முன்பு இரண்டு மூன்று முறை காய் பறித்தார்கள். இன்றைய கூலிக்கு அது கட்டுப்படியாகாது. ஒரே சமயத்தில் முற்றி, ஒரே அறுப்பில் முடியும் செடி வேண்டும். 2016இல் வந்த வம்பன் 8 வரவேற்கப்பட்டதற்கு நோய் தாங்கும் குணத்தோடு இதுவும் ஒரு காரணம்.

தொடர்ந்து வளரும் இயல்பை இழப்பது, கொடியோடுவதை இழப்பது, நெற்று வெடிப்பதை இழப்பது ஆகியவையெல்லாம் உடைப்பதால் கிடைக்கக்கூடிய குணங்கள். இங்கே கதிருக்கு நிறைய வேலை இருக்கிறது. மஞ்சள் தேமல் சற்றுச் சிக்கலானது. உளுந்தில் இந்த எதிர்ப்பு ஒடுங்கு பண்பாக, அதாவது மரபணுவின் இரண்டு படிகளும் மாறினால்தான் வெளிப்படும் பண்பாகப் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வேறு சில ஆய்வுகளில் ஓங்கு பண்பாகவும் வந்திருக்கிறது. ஒடுங்கு பண்பு என்றால் அங்கே ஒரு கதவு அடைபட்டிருக்கக்கூடும். வைரஸ் செடிக்குள் பெருகுவதற்குச் செடியின் புரதங்களையே நம்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றைச் செடி வாழத் தடையில்லாமல் மாற்றிவிட முடிந்தால், பார்லிக்குக் கிடைத்த நிலையான காப்பு உளுந்துக்கும் கிட்டலாம். இது என் ஊகம்தான். ஆனால் வம்பனைப் போல நோய் தானே வந்து சோதிக்கும் நிலத்தில், கதிர் பாய்ச்சிய உளுந்தின் இரண்டாம் தலைமுறையைப் பல்லாயிரம் செடிகளாக விதைத்துப் பச்சையாக நிற்பதைத் தேடுவது, செலவுக்குத் தகுந்த தேடல் என்று உறுதியாகச் சொல்வேன்.

வறட்சி அப்படியல்ல. வேர் ஆழமாக இறங்குவதும், அமில மண்ணைச் சகிப்பதும், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவதும் ஏராளமான மரபணுக்களின் கூட்டுவேலை. ஒன்றை உடைத்து அதைப் பெறமுடியாது. அதற்கு ஊர் ஊராக இருந்த பழைய உளுந்துகள் வேண்டும். நெல் தரிசில் பெயர்பெற்ற ஆடுதுறை 3 திருநெல்வேலிப் பகுதியின் உள்ளூர் உளுந்திலிருந்து பொறுக்கியெடுத்ததுதான். காட்டு உறவும் வேண்டும். 2011இல் வெளியான வம்பன் 6க்கு ஒரு பெற்றோர் வம்பன் 1, மறு பெற்றோர் உளுந்தின் காட்டு வடிவமான சில்வெஸ்ட்ரிஸ். அடுத்து வந்த வம்பன் 7லும் அந்தக் காட்டு இரத்தம் உண்டு. நோயைத் தாங்கும் குணத்துக்காகக் காட்டுச் செடியைக் கூப்பிட்டால், வெடிக்கும் நெற்றும் கல்தோலும் கூடவே வந்துவிடும். வழித்தோன்றல்களில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, பச்சை இலையை மட்டும் தக்கவைக்கவேண்டும். முதல் உளுந்தைப் பயிராக்கியவர்கள் எத்தனையோ தலைமுறைகளில் செய்த கழிப்பை, வம்பன் வயலில் கோ 5 மஞ்சளாகிக்கொண்டிருக்கும் வரிசைகளுக்கு நடுவே, சில பருவங்களுக்குள் திரும்பச் செய்திருக்கிறார்கள்.